கதவில்லாத வண்டியும் சனிக்கிழமை நெஞ்சுவலியும்

முடிச்சூர்,
மேற்குத் தாம்பரம்,
திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் டெனிஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை தபீதாளின் கணவன் எட்மண்ட் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணி வரை சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. போனில் பேசினால் தபீதாள் காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பையன், உங்கள் மருமகன் ஷெர்வின் படப்பைக்கு அப்பால் ஒரு கார் கம்பெனியில் வண்டிகளுக்கு உருவம் வரைகிறான் அல்லவா, அவன் வரைந்த பெரிய ஜீப் மாதிரி ஒன்றை நிஜமாகவே செய்துவிட்டார்கள். விற்பதற்கு இல்லை, கண்காட்சியில் வைக்க. கான்செப்ட் எஸ்.யு.வி. என்று பெயர். சனிக்கிழமை அதைப் பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றி ஓட்டிப் படம் பிடிப்பார்களாம், முன்சீட்டில் நான் உட்கார வேண்டுமாம். பெருமையாகச் சரி என்று சொல்லிவிட்டேன். நேற்று ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தேன். மேலே கூரை இல்லை. பக்கத்தில் கதவு இல்லை. முன்னால் கண்ணாடி எங்கேடா என்றேன், "கான்செப்ட்ப்பா" என்றான். பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே என்றேன், அதற்கும் அதே பதில். மழை வந்தால் என்று கேட்டதற்கு, தரையில் ஓட்டை விட்டிருக்கிறேன், தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்றான். நான் மட்டும் குனிந்து பார்த்தேன், ஓட்டை வழியாகப் பூமி தெரிகிறது. இறங்குகிற வழியில் தண்ணீர் ஏறாதா? வெள்ளத்தில் வாசல் வரைக்கும் படகு வந்த ஊர் எங்கள் ஊர், எங்களிடமே ஓட்டையைக் காட்டுகிறான்.

புது வண்டி என்றால் ஜெபம் பண்ணாமல் எடுக்கக் கூடாது என்று தபீதாள் பாஸ்டர் ஐயாவையும் அழைத்து வந்திருந்தாள். வழக்கமாக பானெட்டில் கை வைத்து இரண்டே நிமிஷம் ஜெபிப்பார், உள்ளே ஏறித் தெருமுனை வரை ஒரு ரவுண்டும் போவார். நேற்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூடிய கண்ணைக் கால் மணி நேரம் திறக்கவில்லை. கடைசியில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குச் செய்கிற ஜெபத்தைச் செய்தார். ரவுண்டுக்குக் கூப்பிட்டால், அஸ்தினாபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம் என்று சொல்லி ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அந்த ஹெல்மெட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சான், உங்களிடம் மறைப்பானேன், பயமாக இருக்கிறது. முழங்கால் வேறு சரியில்லை, காரிலிருந்து இறங்கவே ரெண்டு பேர் தாங்க வேண்டியிருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி உரசிக்கிட்டு வந்தா நான் எதைப் பிடிச்சுக்கிறது, லாரியையா? மாட்டேன்னு சொல்லவும் வாய் வரலை, பையன் முகம் வாடிப்போயிடும். அதனால் சனிக்கிழமை ஏழு மணிக்கு நீங்களே போன் செய்து, நெஞ்சு வலிக்கிறது, எட்மண்ட் உடனே பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். லேசான வலி போதும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு. கர்த்தர் உங்கள் எல்லாரையும் கூரையுள்ள இடத்தில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
எட்மண்ட்

பி.கு.: இன்று புதன்கிழமை. போன் வேண்டாம். நேற்று சீட்டு சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று ஷெர்வின் கூட்டிக்கொண்டு போனான். யாரும் தாங்காமல் நானே ஏறினேன், நானே இறங்கினேன். "கதவு வச்சா ஒவ்வொரு தடவையும் உங்க முட்டி இடிக்குதுல்ல, அதான்ப்பா எடுத்துட்டேன்" என்றான். இன்னொரு தடவை ஏறி இறங்கினேன். சனிக்கிழமை போகிறேன், பயத்தோடுதான் போகிறேன். ஆனால் இதுவரை என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டிருந்த தபீதாள், மேசை மேலிருந்த இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். ஓட்டை விஷயம் தெரிந்ததும் பயம் அவளுக்கு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டு அதே நெஞ்சுவலியைக் கேட்கப் போகிறாளாம். அவள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி, சனிக்கிழமை நீங்கள் சுகமாகத்தான் இருக்க வேண்டும்.