மரம் விற்காத மரவாடிக்காரர்

சரக்கை விற்கக் கூடாது என்பதற்காகவே கடை திறந்து வைத்திருந்த வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இருந்தார். ஊருக்கு அவர் 'மரவாடிக்காரர்'. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்பது என் அனுமானம். ஆள் ரொம்பக் குள்ளம். அடுக்கிய மரங்களுக்குப் பின்னால் அவர் நின்றால் குரல் மட்டும்தான் வெளியே வரும்.

ஆரம்பத்தில் மனிதர் ஒழுங்காகத்தான் இருந்தார். பர்மா, மலேசியா என்று கப்பலில் வந்த மரங்களைச் சென்னையிலிருந்து லாரியில் கொண்டுவந்து அறுத்து விற்றார், சாப்பிட்டார், தூங்கினார். அவரைக் கெடுத்தது கேபிள் டிவி. தொண்ணூறுகளின் நடுவில் கேபிள் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது எல்லார் வீட்டிலும் பாட்டும் படமும் ஓட, இவர் வீட்டில் மட்டும் ஏதோ கோளாறில் ஓர் இங்கிலீஷ் மிருக சேனல்தான் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கோ இங்கிலீஷ் தெரியாது. தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று நம்பப்பட்டவன் நான். ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் என் விரல்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தார். அன்று டிவியில் ஒரு மழைக்காட்டைப் புல்டோசர் விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒற்றை மரத்தின் உச்சியில் செம்பட்டை முடியோடு ஒரு குரங்கு. அடுத்த காட்சியில் அந்த மரமும் சாய்ந்தது. அடிமரத்தில் சிவப்பு பெயிண்டால் நம்பர் போட்டார்கள்.

"இன்னாபா சொல்றான்?"

"மரம் காத்துல இருக்கிற கரியை இஸ்து உள்ள வெச்சிக்கினு இருக்குதாம்ண்ணே. காட்டை வெட்டிக் கொளுத்தினா அவ்வளவும் வெளிய வந்து பூமியே சூடாயிடுமாம்."

அதுவரை சரிதான். அதற்கு மேல் கொஞ்சம் மசாலா சேர்த்தேன். "மரத்தை விக்கிறவனைத்தான் ரொம்பத் திட்றான்."

விறுவிறுவென்று மரவாடிக்குப் போய் அங்கே கிடந்த மரங்களின் அடியைப் பார்த்தார். சிவப்பு நம்பர். "இது அந்தக் குரங்கு குந்திக்கினு இருந்த மரமா இருக்குமோ?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். எனக்குச் சாப்பாட்டு நேரம்.

மறுநாள் முதல் மரவாடியில் வியாபாரம் நின்று விசாரணை ஆரம்பமானது. கட்டில் செய்யப் பலகை கேட்டு வந்த கல்யாண மாப்பிள்ளையிடம், "உங்க அப்பா கட்டில்லயா படுத்தாரு? நீ பொறக்கலியா?" என்றார். பையன் பாய் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

புதிதாக ஏசி போட்ட ஒரு பட்டுக்கடை முதலாளி, சுவர் முழுக்கத் தேக்குப் பலகை அடிக்க வேண்டும் என்று காரில் வந்து இறங்கினார்.

"சுவத்துக்கு எதுக்குபா சட்டை?"

"கஸ்டமர் வர்றாங்க இல்ல, ஒரு அந்தஸ்து வேணாமா?"

"காட்டை வெட்டி சுவத்துல ஒட்டுவே. ஊரு சூடாவும். சூடா இருக்குதுன்னு ஏசி போடுவே. அந்த ஏசிக்கு அழகா இருக்கட்டும்னு இன்னொரு காட்டை ஒட்டுவே. போபா, போய் ஒரு பனையோலை விசிறி வாங்கு."

உச்சக்கட்டம், மரம் நடும் விழாக்காரர்கள் வந்த நாள். வருஷா வருஷம் அதே குழியில், அதே போட்டோகிராபரை வைத்து மரம் நடுகிற கனவான்கள். செடியை மாடு மேயாமல் இருக்கக் கூண்டு செய்ய மரச்சட்டம் கேட்டார்கள். "ஒரு குச்சியைக் காப்பாத்த ஒரு மரமா? மாட்டையே நட்டுட்டுப் போங்க" என்று துரத்திவிட்டார்.

இதையெல்லாம் தின்பண்டம் கொறித்தபடி வேடிக்கை பார்த்த எனக்கும் ஒரு நாள் வந்தது. ஓரிக்கைப் பக்கம் கடன் வாங்கி வீடு கட்டினேன். வாசக்கால் வைக்க முகூர்த்தம் குறித்தாயிற்று. என் மாமியார் சட்டம் போட்டார்: "வாசக்கால் பர்மா தேக்குல இருக்கணும். புதுசா அறுத்த மரமா இருக்கணும். இன்னொருத்தர் வூட்டுல பிரிச்சது ஆவாது. இல்லன்னா நான் அந்த வூட்டுல கால் வெக்க மாட்டேன்."

கடைசி நிபந்தனையில் எனக்கு ஒரு சபலம் தட்டியது உண்மை. மனைவி முறைத்ததால், "மரவாடிக்காரர் நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாரு" என்று அளந்துவிட்டேன்.

ஊரிலேயே அந்தத் தரத்தில் ஒரே ஒரு பர்மா மரம் அவரிடம்தான் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"தர மாட்டேன்பா."

"வெட்டின மரம்தானேண்ணே. விக்காம வெச்சிக்கினு இருந்தா மறுபடி துளிர்க்கவா போவுது?"

"இது போனா இந்த எடம் காலியாவும். காலியான எடத்துக்குக் கப்பல்ல இன்னொண்ணு வரும். அது இன்னும் அங்க நின்னுக்கினுதானே இருக்குது?"

"மாமியார்கிட்ட என் மானம் போயிடும்ண்ணே."

"உன் மானத்துக்கு ஒரு காடு கேக்குதா? போ, எதுனா பண்றேன்."

முகூர்த்தத்தன்று மேஸ்திரி, ஐயர், நவதானியம், பால், மாமியார் எல்லாம் தயார். வாசக்கால் மட்டும் இல்லை. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் ஈரச் செங்கல்லும் காய்ந்திருக்கும். நல்ல நேரம் முடிகிற தறுவாயில் ஒரு டயர் வண்டி வந்து நின்றது. மேலே மரவாடிக்காரர், பக்கத்தில் பளபளவென்று இழைத்த வாசக்கால்.

மாமியார் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது மரம்." பிறகு குனிந்தார். "ஓரத்துல இன்னா இது, சதுரம் சதுரமா ஒட்டு?"

"பர்மாக்காரன் வெக்கிற அடையாளம்மா. அசலுக்கு மட்டும்தான் வெப்பான்" என்றார், கண் சிமிட்டாமல்.

மாமியார் அந்தச் சதுரங்களுக்குத் தனியாக மஞ்சள் குங்குமம் வைத்தார். உயரம் கொஞ்சம் கம்மியாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை, அவரும் குள்ளம்.

மறுநாள் விலை கேட்கப் போனேன். அந்தப் பர்மா மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்குத்தான் வாசக்கால் இல்லை. சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை. அதில் ஒரு கோணிப்பை தொங்கியது. உள்ளே அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சதுர ஒட்டெல்லாம் பழைய கீல் இருந்த இடம் என்று அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது.

"அண்ணே, இன்னாண்ணே இது?"

"காத்து வரட்டும்னு எடுத்தேன். உன் மாமியாருக்கு நான் பொய் சொல்லலபா. பர்மாதான். எங்க அப்பா காலத்துல வந்தது. குந்து, இவன் இன்னா சொல்றான் பாரு."

உட்கார்ந்தேன். அன்று மசாலா சேர்க்காமல் மொழிபெயர்த்தேன்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் இன்னும் அந்தப் பர்மா அடையாளத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் அந்த வாசலில் தலை குனிந்துதான் நுழைகிறேன். மறந்து நிமிர்ந்து வந்தால் நெற்றியில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். "மன்னிச்சிடுண்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவேன்.