தெருக்கோடி வீடு, ஒரு கோடி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல கெட்டியான சிரிப்பு. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. கிருபாசங்கரின் வீடு ஒன்றரை வருஷமாக விலைபோகாமல் நிற்கிறது. அது நிற்கும்போது நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம்.

வீடு போத்தனூரில். மூன்றரை சென்ட். கிருபாசங்கர் அந்த "சென்ட்"டை உச்சரிக்கிற அழகுக்கு, பாட்டிலைத் திறந்த மாதிரி அறையே மணக்கும். இரண்டு படுக்கையறை, கிழக்கு பார்த்த வாசல், வயசு இருபத்திரண்டு. வீட்டுக்குத்தான், கிருபாசங்கருக்கு ஐம்பது. தெருவின் கடைசி வீடு. அவர் வைத்த விலை ஒரு கோடி.

"தெருக்கோடியில இருக்குதுன்னு கோடி கேக்கறீங்களா?" என்றாள் மனைவி சண்முகப்பிரியா.

"ஆமா, நடுத்தெருவுல இருந்திருந்தா அரைக்கோடிதான் கேட்டிருப்பேன்."

"இப்படியே இருந்தீங்கன்னா நடுத்தெருவுலதானுங்க நிப்போம்."

பிரியா பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போக ஒன்றரை மணி நேரம் பஸ், வர ஒன்றரை மணி நேரம் பஸ். மூன்று வருஷமாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை நீண்டுவிட்டதாக அவளே சொல்வாள். இந்த வீட்டை விற்றுவிட்டுப் பொள்ளாச்சியில் ஒரு வீடு வாங்கினால் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். கிருபாசங்கரின் கம்பெனி நடுவில் கிணத்துக்கடவில் இருக்கிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அவருக்கு அதே அரை மணிதான். அதனால் அவருக்கு அவசரமே இல்லை.

அவசரம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். இருபத்தாறு வருஷமாக வாங்குவதுதான் வேலை. சப்ளையர் விலையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் இவர் அதில் கால்வாசியை உருவியிருப்பார். இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கீரைக்கார அம்மா கூடையோடு அடுத்த தெருவுக்குத் தாவிவிடுவார். ஆனால் விற்பனை? வாழ்நாளில் ஒன்றே ஒன்றை விற்கப் பார்த்தார், பழைய பேப்பர். கிலோவுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "சார், இதுல இன்னும் நியூஸ் அடிக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான் பேப்பர்காரன்.

வீடு பார்க்க வந்தவர்களிடமும் அதே கதைதான்.

"ஏனுங்க, ரயில் சத்தம் கேக்குமுங்களா?"

"நல்லாக் கேக்குமுங்க! அலாரமே வெக்க வேண்டாமுங்க. அது ஊட்டோட ஃப்ரீ."

"போர் தண்ணி உப்பா இருக்குதுங்களே?"

"மினரலுங்க. சோப்புக் கூட அந்த மரியாதையிலதான் நுரைக்க மாட்டேங்குது."

"செவுத்துல கீறல் உட்டிருக்குதுங்க."

"ஊடு மூச்சு உடணுமில்லீங்க?"

வந்தவர்களும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். சந்தை படுத்துக் கிடந்த நேரம் அது. வாரத்துக்கு மூன்று பேர் வந்தது, மாதத்துக்கு ஒருவர் என்று ஆனது. கடைசியில் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு குடும்பம். உக்கடத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் இல்யாஸ், அவர் மனைவி உஸ்மா. மூன்று தடவை வந்துவிட்டார்கள். மூன்றாம் தடவை உஸ்மா சமையலறையில் நின்று, எந்த இடத்தில் எந்தச் சட்டியை வைப்பது என்று கையாலேயே அடுக்கிப் பார்த்துவிட்டார்.

"கிருபா சார், மனசு உட்டுச் சொல்றேன். அறுபத்தெட்டு," என்றார் இல்யாஸ்.

"அறுபத்தெட்டா? அது ஊட்டுக்குங்களா, கேட்டுக்குங்களா?"

"கேட்டுக்கு இல்ல சார், உங்ககிட்ட கேட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசியா ஒரு தடவை வாரோம். அமையலேன்னா குனியமுத்தூர்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம். அங்க முடிச்சுக்கறோம்."

அவர்கள் போனதும் பிரியா கேட்டாள். "இவங்களையும் உட்டுட்டா வேற யாருங்க வருவா?"

"வருவாங்க. நம்மூட்டுல என்ன கொறைன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லு. சொன்னா வெலையைக் கொறைக்கறேன்."

"கொறையைச் சொன்னாக் கொறைச்சுப்போடுவீங்களா?"

"வெவரம் தெரிஞ்சவன் சொல்லோணும். சும்மா வாரவன் போறவன் சொன்னாச் செல்லாது."

பிரியா பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தாள். அவள் வகுப்பில் விடையை அவள் சொல்ல மாட்டாள். பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, அதன் கையாலேயே போட வைப்பாள்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? சாக்பீஸ் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

புதன்கிழமை சாயந்தரம். கிருபாசங்கர் வழக்கம்போல வீடு விற்கிற ஆப்பைத் திறந்து, ஊரில் யார் யார் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று தள்ளிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. போத்தனூர். மூன்றரை சென்ட். கிழக்கு பார்த்த வாசல். இரண்டு படுக்கையறை. எண்பத்திரண்டு லட்சம், பேசிக்கலாம். படம் இல்லை. பெயர், கருப்பாத்தாள்.

"பாத்தியா பிரியா! எவளோ ஒருத்தி எண்பத்திரண்டுக்குப் போட்டு மார்க்கெட்டையே நாசம் பண்றா! இதைப் பாத்துப்போட்டு எவன் நம்மகிட்டக் கோடி குடுப்பான்?"

"ஐயோ, ஆமாங்க. என்ன பண்றதுங்க?"

"ஒரே ஒரு போன். வாங்கற ஆளு மாதிரி பேசி, அந்த ஊட்டைக் கழுவிக் கழுவி ஊத்தறேன். மனசு ஒடிஞ்சு வெளம்பரத்தையே தூக்கிப்போடுவா."

"பாவமுங்க. பொம்பளை. வேண்டாமுங்க."

வேண்டாம் என்றால் அவர் செய்யாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. கம்பெனி போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டார்.

"அலோ, ஊடு வெளம்பரமுங்களா? நான் கௌதமன். திருப்பூருங்க. பனியன் கம்பெனி."

"சொல்லு கண்ணு!" என்று ஒரு குரல் வந்தது. மைக் செட் தேவைப்படாத குரல். கிருபாசங்கர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "கருப்பாத்தா பேசறேன். நல்ல ஊடு கண்ணு. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கம்."

"பக்கம்னா? ரயில் சத்தம் கேக்குமா?"

"கேக்குமாமா கண்ணு."

கிருபாசங்கருக்குக் கை அரித்தது. இருபத்தாறு வருஷ அரிப்பு. "அம்மிணி, ராத்திரிக்கு எத்தனை ரயிலு! மனுசன் தூங்கறதா, தண்டவாளத்துக்குக் காவல் இருக்கறதா? அஞ்சு லட்சத்தைக் கொறைங்க. எழுபத்தேழு. தண்ணி?"

"போரு இருக்குது. தண்ணிதான் கொஞ்சம் உப்பு."

"உப்பா! குழாயெல்லாம் அரிச்சுப் போயிருக்குமே! சோறு பொங்கினா உப்பே போட வேண்டாமாட்ட இருக்குது. ஒரு நாலு. எழுபத்திமூணு. ஊடு வீதியில எங்க வருது?"

"கடைசி ஊடு கண்ணு."

"போச்சு. லாரி திரும்பாது, ஆம்புலன்ஸ் திரும்பாது. ஆரோ கூப்புடற சத்தம் கூடத் திரும்பி வராது. இன்னொரு நாலு. அறுபத்தொம்போது. செவுரு?"

"அங்கங்க மெல்லிசாக் கீறல்."

"மெல்லிசெல்லாம் கெடையாதுங்க! இன்னைக்குக் கீறலு, நாளைக்குப் பொளப்பு. மூணு. அறுபத்தாறு. எத்தனை வருசக் கட்டடம்?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டா! கல்யாணம் பண்ணி வெக்கற வயசாச்சு. நாலு. ஆக அறுபத்திரண்டு. அதுக்கு மேல ஒரு ரூவா குடுத்தாலும் குடுக்கறவன் முட்டாளு."

கருப்பாத்தாள் அழுவார், போனை வைப்பார், விளம்பரத்தைத் தூக்குவார் என்று காத்திருந்தார். மறுமுனையில் நிம்மதியாக ஒரு மூச்சு விட்ட சத்தம்தான் கேட்டது.

"கண்ணு, என்ன வெவரமாப் பேசற! இதையெல்லாம் அப்படியே எழுதி வாட்ஸப்புல அனுப்பு சாமி. ஊட்டுக்காரருக்குக் காட்டோணும். அவரு எச்சா வெலை சொல்லிப்போட்டு எறங்கவே மாட்டேங்கறாரு."

"ஊட்டுக்காரருக்கு வெவரம் பத்தாதுங்க."

"அதைத்தான் கண்ணு நாங்களும் சொல்றோம். உன்னாட்டம் ஒரு ஆளு எழுதிக் குடுத்தாத்தான் ஏறும்."

கீழே சமையலறையில் யாரோ களுக்கென்று சிரித்த மாதிரி கேட்டது. அவசரப்படாதீர்கள், அது நம் பங்குச் சிரிப்பு இல்லை. வேறு ஆள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது.

அன்று கிருபாசங்கர் எழுதி அனுப்பிய வாட்ஸப்பை அவர் கம்பெனியில் சட்டம் போட்டு மாட்டலாம். ஒன்று, ரயில் இரைச்சல், ஐந்து கழிக்க. இரண்டு, உவர் நீர், நான்கு கழிக்க. இப்படி ஐந்து வரி. முடிவான விலை அறுபத்திரண்டு, கீழே "இப்படிக்கு, கௌதமன்". ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: "சம்மதம் கண்ணு. ஞாயித்துக்கிழமை வந்து ஊட்டைப் பாத்து அட்வான்ஸ் குடு."

அவ்வளவுதான். இத்தனை நேரமும் விரட்டப் போனவர், இப்போது மயங்கிப் போனார். அறுபத்திரண்டுக்கு ஒரு வீடா? வாங்கிப் போட்டு, நம் வீட்டோடு சேர்த்து இரண்டு கோடிக்கு விற்றால்? நம் வீட்டிலும்தான் ரயில் சத்தம் கேட்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் நம் வீட்டு ரயில் வேறு, அவர்கள் வீட்டு ரயில் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் கிளம்பிவிட்டார். "காந்திபுரத்துல மிக்ஸி ஜார் வாங்கிட்டு வாரேன்."

"இல்யாஸ் பாயும் அவங்க சம்சாரமும் பதினோரு மணிக்கு வாராங்க."

"வந்தா உக்கார வெச்சு டீயைக் குடு. கோடி கொண்டாந்திருந்தா எனக்குப் போனைப் போடு."

காந்திபுரத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், ஒரு கவரில் ஆயிரத்தொரு ரூபாய் என்று அட்வான்ஸுக்கு வேண்டியதெல்லாம் தயாராவதற்குள், பேரம் பேசிப் பேசியே மணி பதினொன்று ஆகிவிட்டது. கருப்பாத்தாளுக்குப் போன் போட்டார். லொக்கேஷன் வந்தது. அதைத் தட்டிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டு வண்டியை முறுக்கினார். பைக்குள்ளிருந்து அந்த மேப் அம்மா பேச ஆரம்பித்தாள். "முந்நூறு மீட்டரில்... இடது புறம்... திரும்பவும்." எத்தனை தடவை வழி மாறினாலும் கோபமே வராத குரல். கிருபாசங்கர் கட்டிக்கொண்டது அப்படி ஒரு குரலை இல்லை என்று அவருக்கு ஒரு நிமிஷம் வருத்தமாகக்கூட இருந்தது.

உக்கடம் பாலம் ஏறி இறங்கி, போத்தனூர் வந்தது. "வலது புறம் திரும்பவும்." அட, நம்ம ஏரியா. "இடது புறம் திரும்பவும்." அடடா, நம்ம வீதியே! நம் மூக்குக்கு நேராகவே ஒருத்தி இருந்துகொண்டு நம் விலையைக் கெடுத்திருக்கிறாள்! தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்," என்றாள் மேப் அம்மா.

நிமிர்ந்து பார்த்தார். சொந்த கேட்.

போத்தனூர் வெயிலில் மேப்புக்குக் கூடக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி போன் போட்டார்.

"அம்மிணி, லொக்கேஷன் தப்புங்க. என்னைய எவனூட்டு முன்னாலயோ கொண்டாந்து உட்டுருச்சு."

"அது எப்படி இருக்குது கண்ணு, அந்த ஊடு?"

தன் வீடு என்று கௌதமன் எப்படிச் சொல்வது? ஆனால் கிருபாசங்கரால் சும்மா இருக்கவும் முடியவில்லை. "ராசியான ஊடுங்க. வீதிக்கே கடைசி, அமைதியா இருக்குது. கோடி ரூவா பெறும்."

"பச்சைக் கேட்டா?"

"ஆமாங்க."

"வாசல்ல மூணு சோடிச் செருப்பு புதுசாக் கெடக்குதா?"

"கெடக்குதுங்க..."

"அப்ப உள்ள வா கண்ணு!"

அந்தக் "கண்ணு" இரண்டு தடவை கேட்டது. ஒரு தடவை காதில். இன்னொரு தடவை, கொஞ்சம் பெரிதாக, அவர் வீட்டு ஹாலில்.

கிருபாசங்கரின் கையிலிருந்து ஒரு வாழைப்பழம் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. கால் மட்டும் தானாக உள்ளே போனது.

அவருடைய சோபாவில், போனைக் காதில் வைத்தபடியே, பிரியாவின் பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டுப் போட்டுத் தொண்டை திறந்துபோன கருப்பாத்தாள். பக்கத்தில் இல்யாஸ், உஸ்மா. டீப்பாயின் மேல், பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்த ஐந்து வரி. ரயில், உப்பு, கடைசி வீடு, கீறல், வயசு. சிவப்பு மையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக்.

"கிருபா சார், நீங்க மிக்ஸி ஜார்..." என்று ஆரம்பித்த இல்யாஸ், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

கிருபாசங்கர் டீப்பாயின் மேலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். அடியில், அவரே போட்ட "இப்படிக்கு, கௌதமன்".

பிரியா ஒரு சொம்புத் தண்ணீரோடு எழுந்து வந்தாள். முன்பின் பார்க்காத ஆளிடம் கோயமுத்தூரில் எப்படிப் பேசுவார்களோ அப்படி, குரலில் அத்தனை மரியாதை.

"வாங்கண்ணா, திருப்பூர்லருந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க. நீங்க சொன்னது அறுபத்திரண்டு, பாய் அறுபத்தெட்டு குடுக்கறாருங்க. தண்ணியைக் குடிச்சுப்போட்டு வேற ஊடு பாத்துக்கங்கண்ணா."