ஆகாயத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு

கணக்கைச் சரியாகப் போட்டும் ஊர் சிரிக்கும்படி ஆனவர்கள் உலகத்தில் குறைவு. அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மகனுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன், அதாவது என் மனைவியின் அண்ணன், குவைத்தில் இருந்தார். நள்ளிரவில் விமானம் ஏறுவதாகக் கடிதம் போட்டிருந்தார். எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று எழுதவில்லை. (எழுதியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.)

நேரம் குறிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தட்டையான வரைபடம் தூரத்தில் பொய் சொல்லும் என்று படித்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தறியில் ஒரு பட்டிழை வாங்கி, பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் குவைத்துக்கும் சென்னைக்கும் இழுத்துப் பிடித்தேன். ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது மைல். ஐந்து மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் இரண்டரை மணி பின்னால் ஓடுவதையும் மறக்கவில்லை. காலையில் மீனம்பாக்கம், அங்கிருந்து காரில் ஆரணி, பதினொன்றரைக்கு மாமன் மடியில் பிள்ளை.

மனைவி மட்டும் கேட்டாள்: "ஏங்க, வழியில எங்கனா நிக்குமா?"

"ஆகாசத்துல ஏது பஸ் ஸ்டாண்டு?" என்றேன். வீடே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

பதினொன்றரை வந்தது, மாமன் வரவில்லை. பிள்ளையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. நல்ல நேரமும் தாண்டியது. சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா, வேறு யாராவது மாமன்முறை ஆளை உட்காரவைத்து முடித்துவிடலாம் என்றார். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிரியாணி சாப்பிட்டவர்கள் வானத்தை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். காது குத்தும் ஆசாரி மட்டும் உள்ளூர்க்காரர் என்பதால் காத்திருந்தார்.

"இழுத்துப் பிடிச்சதுல இழை நீண்டுகினு போயிருக்கும், உடுங்க" என்று இழை கொடுத்தவர் ஆறுதல் சொன்னார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெட்டியும் வியர்வையுமாக மச்சான் வந்து இறங்கினார்.

"பம்பாயில இறக்கி உட்டுட்டாங்க மாப்ள. மத்தியானம் வரிக்கும் ஒக்காந்துகினு இருந்து, வேற பிளேன் புடிச்சி வரேன்."

இழைக்குப் பம்பாயில் இறங்கி ஏற வேண்டிய அவசியமில்லை. நான் செய்ய வேண்டியது மன்னிப்புக் கேட்பது. கேட்டதோ, "மெட்ராசுக்கு மொத்தம் எத்தினி மைல்னு சொன்னாங்களா மச்சான்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "எங்கண்ணன் வந்த நேரந்தான் நல்ல நேரம். குத்துங்க ஆசாரி" என்றாள்.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் அந்தத் தூரத்தைச் சரிபார்த்தேன். என் பட்டிழை இருபது மைல்கூடத் தவறவில்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் ஆளாளுக்கு எழுந்து போய்விடுகிறார்கள்.

அன்று காது குத்திக்கொண்டவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். ஊருக்கு வர டிக்கெட் எடுத்ததும் முதல் போன் எனக்குத்தான்: "அப்பா, இந்தத் தடவ ஆகாசத்துல ரெண்டு பஸ் ஸ்டாண்டு."

மூன்று துண்டாக அளந்து வைத்திருக்கிறேன்.