துணை இயக்குநர் நூல் வெட்டிய வைபவம்

முதல் வகுப்பில் சேரும் குழந்தை அழும். பள்ளிக்கூடம் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து இது நடந்து வருகிறது. எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மட்டும் இந்தச் செய்தி சென்ற செப்டம்பரில்தான் கிடைத்தது.

கிடைத்த விதம் இப்படி. துணை இயக்குநர் டோக்டோசுன் ஷர்ஷேனோவிச் தலைநகர் பிஷ்கேக்குக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். (அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும். அதனால் நானும் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.) வரும்போது ‘இணக்கம்’ என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது.

“முதல் வகுப்பு மாணவர்களின் அழுகைப் பணிகள் யாவும் செப்டம்பர் இருபதாம் தேதிக்குள் நிறைவு செய்யப்பட வேண்டும். அதன் பின்னும் அழும் குழந்தை இணக்கமுறாத குழந்தையாகக் கருதப்பட்டு, அடுத்த கல்வியாண்டு வரை பெற்றோரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும்.”

கூடவே ஒரு படிவம். அதில் மூன்று கட்டங்கள்: சத்தமாக அழுதல், சத்தமின்றி அழுதல், அழும் நோக்கம். நான் சகின், எங்கள் ஊர்ப் பள்ளியின் குமாஸ்தா. தினமும் காலை எட்டு மணிக்கு வகுப்பு வாசலில் நின்று படிவம் நிரப்புவது என் வேலையாயிற்று. முதல் இரண்டு கட்டங்களில் சிக்கல் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அழும் நோக்கம் உண்டா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. உதடு பிதுங்கினால் அரைக் குறி போட்டேன்.

மொத்தம் இருபத்தேழு குழந்தைகள். இருபத்தாறு பேர் சுற்றறிக்கையைப் படிக்காமலே பத்து நாளில் அழுகையை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஊல்கான். அவளுடைய அம்மா ஜூரா சந்தையில் ரொட்டி விற்பவள். அப்பா ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. ரொட்டிக் கடையை மூட வேண்டியதுதான்.

வகுப்பு ஆசிரியை கானிஷாய் இதற்கு ஒரு வழி செய்தாள். ஒரு கம்பளி நூலின் ஒரு முனையை ஊல்கானின் மணிக்கட்டிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். பயம் வந்தால் பிள்ளை நூலை இழுக்கும். இவளும் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுப்பாள். அவ்வளவுதான். முதல் நாள் நூல் ஒரு முழம். மறுநாள் இரண்டு முழம். ஒரு வாரத்தில் ஊல்கான் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அழுகை நின்றது. எனக்கு அந்தப் பிள்ளை நூலை இழுத்துவிட்டுச் சிரிப்பதைப் பார்க்க அப்படிப் பிடிக்கும்.

செப்டம்பர் பதினேழாம் தேதி டோக்டோசுன் ஷர்ஷேனோவிச் ஆய்வுக்கு வந்தார். தரையில் கிடந்த நூல் அவர் கண்ணில் பட்டது.

“என்னம்மா இது?”

“நூலுங்க ஐயா. பிள்ளை பயப்படாம இருக்க...”

“நூல்!” என்றார் அவர். முகம் மலர்ந்தது. “நம்ம பாரம்பரியமாச்சே! காலுல கட்டாம கையில கட்டியிருக்கே, விவரம் இல்லாம!”

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை நடை பழகும் வயதில் அதன் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூலால் கட்டி நிறுத்துவோம். தூரத்திலிருந்து ஓடிவருபவர்களில் முதலில் வந்தவர் கத்தியால் அந்த நூலை வெட்டுவார். பிறகு குழந்தை தடுக்கி விழாமல் நடக்கும். முக்கியமாக, வெட்டியவருடைய குணம் அப்படியே குழந்தைக்கு வரும்.

இது ஒரு வயதுக் குழந்தைக்கான சடங்கு. ஆனால் இப்போது பாரம்பரியம்தான் எல்லா இடத்திலும் மோஸ்தர். வங்கியில்கூட கூடாரம் போட்டுத்தான் கணக்குத் தொடங்குகிறார்கள். மறுநாளே இரண்டாம் சுற்றறிக்கை: முதல் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் கால் நூல் கட்டப்படும். ஓட்டப் பந்தயம் நடைபெறும். பந்தயத்தில் துணை இயக்குநர் வெற்றி பெறுவார். நூல் வெட்டப்பட்ட குழந்தை அன்றே இணக்கமுற்றதாக அறிவிக்கப்படும்.

செய்தி கேட்டு ஜூரா, மாவு ஒட்டிய கையோடு என் மேசைக்கு வந்தாள்.

“சகின் அண்ணே, அந்த ஆளா வெட்டப்போறாரு?”

“ஆமா. உத்தரவு.”

“ஆறு மாசமா என் கடை அனுமதிக் காகிதம் இவரு தம்பி மேசையிலதான் கிடக்கு. குடும்பமே அப்படி. இவரு குணம் என் பொண்ணுக்கு வரணுமா? நல்லா இருக்கே கதை!”

“மெதுவாப் பேசு ஜூரா.”

“மெதுவா எதுக்குப் பேசணும்? அவளுக்கு ஏற்கெனவே நூல் கட்டியாச்சு. கட்டினது டீச்சரு. அவங்களே வெட்டட்டும்.”

கானிஷாய் அன்று மாலையே, யாருக்கும் சொல்லாமல், ஊல்கானின் கையிலிருந்த நூலை வெட்டிவிட்டாள். பிள்ளை தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு தானாகவே வீட்டுக்கு ஓடிப்போனது.

வைபவ நாள் இருபதாம் தேதி. காலை ஒன்பது மணிக்கு இருபத்தாறு குழந்தைகள், கால்கள் கட்டப்பட்டு, மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். பெண் பிள்ளைகள் தலையில் பெரிய வெள்ளை ரிப்பன். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கட்டிய காலோடு பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் போய், விருந்தினருக்காகப் பொரித்து வைத்திருந்த போர்சோக் மாவு உருண்டைகளைத் தின்று தீர்த்தார்கள். பந்தயத்தில் தோற்பதற்காக நியமிக்கப்பட்ட விளையாட்டு ஆசிரியர் எசென், தொடக்கக் கோட்டில் குந்தி உட்கார்ந்து புகை பிடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஐயாவின் கார் வந்தது. தொடக்கக் கோட்டில் நிற்கும் என்று பார்த்தோம். நிற்கவில்லை. நேரே முடிவுக் கோட்டுக்கே போயிற்று. எசென் மனச்சாட்சியோடு முப்பது அடி ஓடிவிட்டு நின்றார்.

“என்னங்க, கார்ல வந்துட்டாரு?” என்று கேட்டேன்.

“கால்ல ஓடணும்னு சுற்றறிக்கையில இருக்கா? முதல்ல வரணும்னுதான் இருக்கு. வந்துட்டாருல்ல?” என்றார் எசென்.

ஐயா நூல்களை வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். நடுவில் நான்கு தடவை போன் பேசினார், இரண்டு தடவை தேநீர் குடித்தார், ஒரு பையனின் கால் நூலில் கத்தரியை வைத்துக்கொண்டே “நாளைக்கு வரச் சொல்லு” என்று யாரையோ போனில் விரட்டினார். கடைசியாக, வரிசையின் ஓரத்தில் நின்ற ஊல்கானிடம் வந்தார். காலில் நூல் இல்லை.

“நூல் இல்லையே. இல்லாத நூலை எப்படி வெட்டுறது? வெட்டலைன்னா இணக்கம் இல்லை. எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டேன். எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுத்து அழகாகத்தான் வந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு வகுப்பில் ஊல்கான் ஒருத்திதான் இருந்தாள். கானிஷாய்க்குக் கரும்பலகையைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற இருபத்தாறு பேரும் பதினோரு மணிக்கு, ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் வந்தார்கள். ஒருவரும் அழவில்லை. வந்ததும் தேநீர் கேட்டார்கள். கானிஷாய் வீட்டுப்பாடத்தைக் கேட்டதற்கு, “பரிசீலனையில இருக்கு” என்றது ஒரு ரிப்பன். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு முழுமையாக இணங்கிய வகுப்பை எங்கள் மாவட்டம் கண்டதில்லை.

பெற்றோர்கள் புகார் கொடுக்க வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள், கையில் குதிரைப்பால் புட்டியோடு. “எங்க சின்னவனுக்கும் ஐயாவே வெட்டணும். பெரியவனைப் பாருங்க, இப்பவே ஒரு உத்தியோகக் களை!”

எனக்கு வேறு கவலை. ஊல்கானைத் திருப்பி அனுப்பும் உத்தரவு, முத்திரையோடு, என் கையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வாசலோர பெஞ்சில் டைலக் என்ற பையன் உட்கார்ந்திருந்தான், ஐயா போனில் விரட்டிக்கொண்டே நூல் வெட்டிய அதே பையன்.

“என்ன விஷயம்?”

“ஊல்கானைக் கூட்டிட்டுப் போகணும் தம்பி. உத்தரவு இருக்கு.”

காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். எழுத்து இன்னும் பாதி கற்கவில்லை.

“முத்திரை மங்கலா இருக்கு. நாளைக்கு வாங்க.”

இருபத்திரண்டு வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். ‘நாளைக்கு வாங்க’ என்று யார் சொன்னாலும் என் கால் தானாகத் திரும்பிவிடும். திரும்பிவிட்டேன். மறுநாள் போனேன். “கையெழுத்துப் போடுறவரு லீவு” என்றான். அதற்கு மறுநாள் அவனே வரவில்லை. காகிதம் யாரிடம் என்று கேட்டதற்கு, அடுத்த பெஞ்சுக்காரி தன் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டாள். இப்படியே அக்டோபர் போயிற்று. ஊல்கான் அதே வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். ஜூரா தினமும் சந்தைக்குப் போனாள். எனக்குச் சந்தோஷம்தான், அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்றுதான் தெரியவில்லை.

நவம்பரில் என் கடைக்குட்டி மகனுக்கு நூல் வெட்டும் நாள் வந்தது. முறையாக, ஒரு வயதுப் பிள்ளைக்கு, வீட்டு முற்றத்தில். தெருப் பிள்ளைகள் எல்லாம் பாப்ளர் மரத்தடியிலிருந்து ஓடி வந்தார்கள். டைலக்கும் அவன் கூட்டாளிகளும் பாதி வழியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊல்கான் மூச்சிரைக்க, இரண்டு ரிப்பனும் அவிழ்ந்து தொங்க, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று கத்திக்காகக் கையை நீட்டினாள்.

என் மனைவி கத்தியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பையன் கட்டிய காலோடு தள்ளாடிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் இரும்மா கண்ணு,” என்றேன் நான். “ஐயாவோட கார் வந்துட்டே இருக்கு.”

ஊல்கான் தெருவைப் பார்த்தாள். கார் எதுவும் தெரியவில்லை. பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு வரட்டுமா மாமா?” என்று கேட்டாள்.