கலைக்களஞ்சியத்தில் கலா டீச்சர்

அரசு ஊழியர்கள் ஆபீஸ் நேரத்தில் வேலை செய்வதில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. கேரள மலையூரான மறையூரில் எழுத்தராக இருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மும்முரமாக வேலை பார்த்தவன்தான். என்ன, அது அரசாங்கம் கொடுத்த வேலை இல்லை.

சொந்த ஊர் கோவிந்தாபுரம், பாலக்காட்டின் கிழக்கு எல்லை. கல்யாணமான கையோடு என்னை மறையூருக்குத் தூக்கிப் போட்டார்கள். கலா ஊரிலேயே பள்ளிக்கூட டீச்சர். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னாறு காட்டு வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறிப் போக வேண்டும். (நடுவில் யானை ரோட்டில் நின்றுவிட்டால் அதற்கு மனசு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.) ஸ்தலமாற்றம் கேட்டு மனுப் போட்டிருந்தேன், எங்கள் பக்கம் மாறுதலுக்கு அதுதான் பெயர். அந்த உத்தரவு இன்றைக்கு வந்துவிடும் என்று நினைத்துத்தான் தினமும் பல் துலக்குவேன்.

போனில் பேசுவோம். "சாப்ட்டாச்சுங்களா?" "ஆச்சு. அங்க மழையா?" "இல்லீங்க." முடிந்தது. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எங்கப்பா எங்கம்மாவிடம் சொன்ன அதிகபட்ச அன்பு வார்த்தை "மோட்டார நிறுத்திட்டயா?" என்பதுதான்.

ஒருநாள் மதியம் இணையக் கலைக்களஞ்சியத்தில் கோவிந்தாபுரம் என்று தேடினேன். எல்லைக் கிராமம், சோதனைச் சாவடி உண்டு என்பதோடு கட்டுரை முடிந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னார்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பெயர்கூடக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்ததும் எழுதினேன்: "சாயங்காலம் இங்கே வீசும் காற்று வேறெங்கும் கிடையாது." கை சும்மா இருக்கவில்லை. 'முக்கியமானவர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டு, "கலா டீச்சர். சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும்" என்று சேர்த்தேன்.

மறுநாள் எல்லாவற்றையும் யாரோ அழித்திருந்தார்கள். காரணம், ஆதாரம் இல்லையாம். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இதைவிட என்ன ஆதாரம்? திரும்பப் போட்டேன். திரும்ப அழித்தார்கள். ஆத்திரத்தில் மறையூர் கட்டுரைக்குள் புகுந்து, போக்குவரத்து என்ற இடத்தில், "இங்கிருந்து கோவிந்தாபுரத்துக்கு நேரடி பஸ் இல்லை. இது மாபெரும் அநியாயம்" என்றேன். கீழே, "சந்தன மரத்துக்குக்கூடக் காவல் போட்டிருக்கிறார்கள். தனியாகக் கிடப்பவனைக் கேட்க நாதியில்லை" என்றேன். பக்கத்து நாற்காலி செல்லதுரை, எஸ்டேட் குடும்பத்துக்காரன், எட்டிப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் எடம் விடும்யா" என்று தன் மாமனார் காய்ச்சும் வெல்லமே உலகத்தில் சிறந்தது என்று ஒரு வரி செருகினான்.

பெயர் கொடுக்காவிட்டால் ஆள் தெரியாது என்று நம்பியதுதான் எங்கள் புத்திசாலித்தனம். பெயருக்குப் பதிலாக ஆபீஸ் இணைய இணைப்பின் எண் அங்கே பல்லை இளித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அழித்து அழித்துக் களைத்துப்போன புண்ணியவான் அதைப் பிடித்துக்கொண்டு மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். அரசு ஊழியர் அட்டூழியம் என்று மலையாளப் பத்திரிகையிலும் வந்துவிட்டது.

சூப்பிரண்டு மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அச்செடுத்த தாள்களைச் செல்லதுரையிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். வெல்லத்தை மட்டும் லாவகமாகத் தாண்டிவிட்டு, மற்றதையெல்லாம் செய்தி வாசிப்பதுபோல் கணீரென்று படித்தான் படுபாவி.

"கோவிந்தாபுரத்துக்காரர் இந்த ஆபீஸ்ல எத்தர பேருண்டு?" என்றார் மேடம்.

"நான் ஒருத்தன்தானுங்க மேடம்."

"யானை வந்து டைப் பண்ணிருக்கும் மேடம்" என்று செல்லதுரை உதவிக்கு வந்தான். யாரும் சிரிக்கவில்லை.

"இந்தக் கலா டீச்சர் ஆரு?"

"என் சம்சாரமுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "விளக்கம் எழுதித் தரணும். அன்வேஷணம் தீராதெ ஸ்தலமாற்றம் கிட்டாது, கேட்டோ" என்றார் மெதுவாக. விசாரணை முடியும்வரை ஊர் இல்லை என்று அர்த்தம். சும்மா கிடந்த மனுவை நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். அழுகை வந்தது. ரெக்கார்டு ரூமில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் கலாவே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பேப்பர்ல வந்தத எங்க ஸ்டாஃப் ரூம்ல அத்தன பேரும் படிச்சுட்டாங்க. கன்னத்தக் காட்டு டீச்சர்ங்கறாங்க."

"கோவமா கலா?"

"ஊரு உலகத்துக்கெல்லாஞ் சொன்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது. போன தடவ வாசல்ல உட்டுட்டுப் போன உங்க செருப்ப இன்னும் எடுத்து வெக்க மனசு வரல."

நான் போனைக் காதில் வைத்தபடி கரும்புக் காட்டோரம் நின்றேன். ஸ்தலமாற்றம் போன துக்கம் அந்த நேரத்தில் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி, அவளை உடனே பார்க்க முடியாதே என்ற துக்கம். அது இரண்டு மடங்காகிவிட்டது.

விசாரணை ஆடி அசைந்து முடிந்து, ரொம்ப நாள் கழித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். வந்த கொஞ்ச காலத்தில் கலாவுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு கிடைத்தது. அகளியில். இப்போது நான் ஊரில், அவள் மலைமேல். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னை இன்றும் "இன்டர்நெட்டுல அழுதவரு" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். மச்சான் ஒருபடி மேல். தினமும் அகளி கட்டுரையைத் திறந்து, "மாமன் இன்னும் ஒண்ணும் எழுதலீங்களே?" என்று பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி விசாரிக்கிறான்.

எழுதவில்லை. அவளிடமே போனில் சொல்லிவிடுகிறேன்.