நரம்பர்

மனிதர்களில் நரம்பர் என்றொரு வகை உண்டு. அவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. அவர் இருக்கும் அறையில் ஒரு கொட்டாவி விட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "இப்ப வாயைத் திறந்தீங்களே, காதுகிட்ட டிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சா?" என்பார். கேட்டது என்றால் ஆபத்து. கேட்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய ஆபத்து. "கேட்கலையா?" என்று நீளமாக மூச்சு விட்டு, உங்கள் தோளில் கையை வைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார்.

உங்களுக்கும் எனக்கும் கால் மரத்துப்போகும்; அவருக்கு அது பாரஸ்தீசியா. நமக்குத் தலை சுற்றும், அவருக்கு வெர்டிகோ. நமக்கு விக்கல் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு விஷயம் முடிந்துவிடும். அவரோ, "ஃப்ரெனிக் நரம்பு எரிச்சலா இருக்கு" என்று அறிவித்துவிட்டு, அதை யார் எரிச்சல்படுத்தியது, எப்போது, எதற்காக என்று நம்முடைய போன வாரம் முழுவதையும் தோண்டித் துருவிக் கேட்டு முடிப்பதற்குள், பாவம், விக்கலே பயந்து போயிருக்கும். தானாகப் போனதை அவர் போக்கியதாக மறுநாள் நாலு பேரிடம் சொல்லுவார். சொல்லட்டும். நமக்கென்ன.

எனக்கு வாய்த்த நரம்பர் எங்கள் மாடி வீட்டுக்காரர். மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. கம்பி அறுந்துவிட்டது, ஃபியூஸ் போய்விட்டது, விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று காலை முதல் மாலை வரை போனில் கேட்டுக் கேட்டு, மனுஷ உடம்பையும் அதே கண்ணோடு பார்க்கப் பழகிவிட்டார். ஒருநாள் தொடை விறுவிறுக்கிறது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "மெரால்ஜியா பாரஸ்தெடிகா" என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னொரு தொடையும் விறுவிறுத்தது. பிறகு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன், சரியாகிவிட்டது. அதைச் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் என் பெல்ட்டையே முறைத்துக்கொண்டு படியேறினார்.

இந்த ஞானம் அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? எப்போதோ ஒருமுறை தலைவலி என்று நரம்பு டாக்டரிடம் போயிருக்கிறார். மூன்று மணி நேரம் காத்திருப்பு. எதிரே சுவரில் தோல் உரித்த மனிதன் ஒருவன், உடம்பெல்லாம் மஞ்சள் நரம்பும் பொடி எழுத்தில் பெயர்களுமாகக் கைகளை விரித்து நின்றிருக்கிறான். இவரும் படித்தார், எழுத்து தெரியாத இடத்தில் எழுந்துபோய்ப் படித்தார், படிக்கப் படிக்கத் தலைவலி ஏறியது. கடைசியில் உள்ளே போனபோது டாக்டர் இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு, "கண்ணாடியை மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் கண்ணாடியை மாற்றவில்லை. நம்மைப் பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான். மைத்துனன் விஷயம் வரும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

மைத்துனன் என்றால் நரம்பரின் மனைவிக்குத் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கி, ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருடமாகத் தற்காலிகம். ஒருவழியாக நிரந்தரம் செய்கிறோம் என்று கடிதம் வந்தது. வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று பெண் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: மாதக் கடைசிக்குள் உடல் தகுதிச் சான்றிதழ். அவனோ பாறையை முழுங்கிச் செரிக்கிற ஆள். ஒரே ஒரு குறை, ரொம்ப நேரம் ஓட்டினால் வலது கால் லேசாக மரத்துப்போகும். போகாதா? பின் பாக்கெட்டில் செங்கல் கனத்துக்கு ஒரு பர்ஸ், அதில் மூன்று வருடத்து டோக்கனும் துண்டுச் சீட்டும் பெண்ணின் போட்டோவும். அதன்மேல்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான்.

இது எனக்குத் தெரியும், அவனுடைய அக்காவுக்குத் தெரியும், பஸ்ஸில் வரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். நரம்பர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாப்ளே, டாக்டர்கிட்ட போய் கால் மரத்துப்போகுதுன்னு சொன்னா மதிப்பானா? படிக்காதவன்னு நினைச்சுருவான். அவங்க பாஷையில பேசணும்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே அத்தான். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"அதான் தப்பு. மறைக்கிறான்னு நினைப்பான்."

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. காலையில் நான் பல் துலக்கும்போது மாடியிலிருந்து குரல் இறங்கும். "சொல்லு, சயாட்டிகா." "சயாட்டிகா." "பெரிஃபெரல் நியூரோபதி." "அது நாக்கு சுத்துது அத்தான்." "சுத்துதா? எவ்வளவு நாளா?" அதையும் குறித்துக்கொள்வார். விண்ணப்பத்தில் 'இதர உபாதைகள் இருப்பின்' என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் கோடு போட்டு விடுகிற கட்டம். நரம்பருக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் மனசு தாங்காது. தன் கையெழுத்தில் அதை நிரப்பி, இடம் போதாமல் தனித்தாள் இரண்டு இணைத்து, மேலே குண்டூசியும் குத்தினார்.

பரிசோதனை நாளன்று அவரும் கூடவே போனார். அன்று நடந்ததை மைத்துனன் பிறகு என்னிடம் சொன்னான், அப்போதும் அவனுக்கு வேர்த்தது.

டாக்டர் எடை பார்த்தார், கண் பார்த்தார், சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். பிறகு குண்டூசி குத்திய தாள்களைப் புரட்டினார். பேனாவை மூடினார்.

"உனக்கு வெர்டிகோ இருக்கா?"

மைத்துனன் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: "ராட்டினத்துல ஏறினா இருக்கு டாக்டர்."

"நடுக்கம்?"

"போன வாரம் பெண் வீட்டுக்குப் போனப்ப டம்ளரை வச்சுக்கிட்டு நடுங்கினான். எசென்ஷியல் ட்ரெமரா, இல்ல வேற வகையான்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தார். கூச்சத்தில் மைத்துனன் துள்ளிச் சிரித்தான். "பாத்தீங்களா, ரிஃப்ளெக்ஸ் அதிகம்" என்றார் நரம்பர் பெருமையாக, தன் பிள்ளை பரிசு வாங்கியதுபோல. நாற்பது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற ஆளைப் பற்றி இத்தனையும் கேட்ட எந்த டாக்டர்தான் கையெழுத்துப் போடுவார்? 'நரம்பியல் பரிசோதனைகள் முடித்து மீண்டும் வரவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டில் அக்கா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டுக்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா சீட்டை மடித்துவிட்டு நரம்பர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, இவன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்க நாக்குல."

நரம்பர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நாக்குன்னா பன்னிரண்டாவது நரம்பு. ஹைப்போகுளோசல்" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளும் ஓட்டம்தான். மைத்துனன் ஒவ்வொரு பரிசோதனையாக அலைந்தான். ஊசி போன்ற கம்பிகளைக் காலில் செருகிப் பார்த்தார்கள், தலையைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். மாதத்தின் கடைசி நாள் காலையில் அக்கா அவனுடைய பர்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைக் கதவுக்கு உள்ளே நிறுத்தி, தம்பியோடு தானே கிளம்பினாள்.

டாக்டர் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் நார்மல். அப்புறம் என்னதான்பா உனக்குத் தொந்தரவு?"

"எங்க அத்தான்தான் டாக்டர்."

டாக்டர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அத்தோடு கதை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். போன வாரம் தெருமுனையில் பஸ் நின்றபோது, குழந்தைகளை இறக்கிவிடும் ஆயாம்மா கையை உதறிக்கொண்டே, "விரலெல்லாம் என்னமோ மாதிரி இருக்குப்பா" என்றார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து நம் மைத்துனன் திரும்பினான். என்னைப் பார்த்தான். அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"கார்பல் டனல்க்கா" என்றான்.

ஆக, இது ஒட்டிக்கொள்கிறது. பரம்பரையாக வருவதில்லை, காதுவழியாக வருகிறது. படிப்பவர்களுக்குக் கண்வழியாகவும் வரலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பக்கத்துக்கு வருமுன் உங்களுக்கு மெரால்ஜியா பாரஸ்தெடிகா தெரியாது. இப்போது தெரியும். நாளைக்கு உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏனோ தொடை ஒரு மாதிரியா இருக்கு சார்" என்பார்.

நீங்கள் பேசாமல் இருந்துவிடுவீர்களா?