அகலமான குரல்

“பல்லக்கா, உங்க ஆடியோ ரொம்ப அகலம். பக்கத்து ஸ்டேஷன் மேலயெல்லாம் வழியுது. ஓவர்,” என்றார் தலைவர், ஸ்பீக்கருக்குள்ளிருந்து.

ஞாயிற்றுக்கிழமை காலை. லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்களின் ஹாம் ரேடியோ சங்கத்தில் வாராந்தர ஆஜர். அவரவர் வீட்டு ரேடியோவில் உட்கார்ந்து, தலைவர் கூப்பிட்டதும் வணக்கம் சொல்ல வேண்டும். உடனே தலைவர் அவரவர் ஒலியின் லட்சணத்தைச் சொல்வார். பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்பவள் என்பதால் சங்கத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிற கை, சாலிடரிங் இரும்பையும் அதே நிதானத்தோடு பிடிக்கும். லைசென்ஸ் பரீட்சையில் அவள் தலைவரைவிட அதிக மார்க். அதைத் தலைவரும் மறக்கவில்லை, அவளும் மறக்க விடவில்லை.

“எந்தப் பக்கம் வழியுது தலைவரே? கனமா, கீச்சா? ஓவர்.”

“அடுத்து பேக்கரி,” என்றார் தலைவர்.

அவர் அப்படித்தான். தீர்ப்பு சொல்வார், கேள்வி எடுக்க மாட்டார். அது போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் ஆஜர் முடியும்போது அவர் ஒன்று சொன்னார்:

“வெள்ள மீட்பு ஒத்திகை வருது. ஆடியோ சுத்தமா இருக்கறவங்கதான் அன்னைக்கு மைக் முன்னாடி. மத்தவங்க தண்ணி பாட்டில் கொடுக்கலாம்.”

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. படகுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து அத்தனை பேரையும் தன் குரலால் நடத்துகிற அந்த மைக்குக்காகத்தான் அவள் பரீட்சையே எழுதினாள். தண்ணீர் பாட்டில் கொடுக்க லைசென்ஸ் எதற்கு?

ஆஜரில் அவளுக்கு அடுத்த ஆளான பேக்கரிக்காரர் போன் செய்தார். “எனக்கு உங்க குரல் நல்லாத்தான் கேட்டுச்சு அக்கா. ஆனா தலைவர் செட்டு பெரிய செட்டு. நமக்குக் கேக்காததெல்லாம் அவருக்குக் கேக்கும்.”

“அதை அங்கேயே சொல்றதுக்கென்ன?”

“தலைவர்கிட்டயா?” என்று கேட்டு, அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

மனிதக் குரலுக்குக் கீழ் ஓரத்தில் கனம், மேல் ஓரத்தில் கீச்சு. இரண்டையும் நறுக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் அனுப்புவதுதான் ஃபில்ட்டரின் வேலை. நறுக்க நறுக்க அலைவரிசையில் இடம் மிச்சம், ஆனால் குரல் மெலியும். அவள் செட்டில் ஃபில்ட்டரை ஒரு படி குறுக்கினாள்.

அடுத்த ஞாயிறு, “வணக்கம் தலைவரே,” என்றாள்.

“பல்லக்கா, போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னும் அகலம்.”

“குறைச்சிருக்கேன் தலைவரே!”

“அடுத்து பேக்கரி.”

பேக்கரிக்காரர் மறுபடி போன் செய்தார். “அக்கா, இன்னைக்கு நீங்க எண்ணெய் டின்னுக்குள்ள உக்காந்து பேசின மாதிரி இருந்துச்சு.”

“டின்னு எப்படி அகலமாகும்?”

“தலைவர் சொன்னா ஏதாவது இருக்கும் அக்கா.”

இன்னும் ஒரு படி குறுக்கினாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் குரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் கொசுவின் குரல் போல ஆகிவிட்டது. யாரோ வெளிநாட்டு ஸ்டேஷன் குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்து, சங்கத்தில் இன்னொருவரான கணக்கு வாத்தியார் ஆங்கிலத்தில் வரவேற்புரையே ஆற்றிவிட்டார். தலைவர் மட்டும் அசையவில்லை.

“பல்லக்கா, கனம் ஜாஸ்தியா இருக்கு. குடத்துக்குள்ள பேசற மாதிரி. அடுத்து பேக்கரி.”

“கனமா?” என்று அவள் மைக்கை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாள். அவர் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். உதிரி பாகம் கேட்டு வருகிறவர்களை நாள் முழுக்கச் சமாளித்த பொறுமை அவருக்கு உண்டு.

“நீ பேசாம குரலை மாத்திப் பாரேன். செட்டை நோண்டறதுக்கு அது சுலபம்,” என்றார்.

அவ்வளவுதான். கனம் தெரியாமல் இருக்க மெல்லிய குரலில் பேசிப் பழகினாள். ஆஸ்பத்திரியில் பல்செட் வாங்க வந்த பெரியவர், “ஏம்மா, என்ன கஷ்டம் உனக்கு?” என்று கண் கலங்கிக் கேட்டார். வீட்டுக்கு வந்த நாத்தனார், அண்ணன்தான் ஏதோ திட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, அவரைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மெல்லிய குரலில் வணக்கம் சொன்னாள்.

“பல்லக்கா, ஏன் கத்தறீங்க?” என்றார் தலைவர்.

“ஆமா தலைவரே, கொஞ்சம் சத்தம்தான்,” என்றார் கணக்கு வாத்தியார், யாரும் கேட்காமலே.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் செட்டைத் திருப்பிப் போட்டாள். ஸ்க்ரூவைக் கழற்றினாள். ஃபில்ட்டரையே பிடுங்கிப் புதிதாக வைத்துவிடுவது என்று இறங்கினாள். பாதி வேலையில் ஆஸ்பத்திரியில் அவசர ஆர்டர் வந்து சேர, வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் ரேடியோவின் குடல் பரப்பிக் கிடந்தது. வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பாவம், உப்பு டப்பா எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தது. பேச வழியில்லை. வெறுமனே கேட்க மட்டும் உதவுகிற ஒரு குட்டி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தலைவர் அவளைக் கூப்பிட்டார். கொஞ்சம் அமைதி. பிறகு அவர் குரல் வந்தது:

“பல்லக்கா, பிரமாதம்! இன்னைக்குத்தான் உங்க ஆடியோ சுத்தம். இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க. அடுத்து பேக்கரி.”

அவள் குட்டி ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தாள்.

“நான் வாயையே திறக்கலை,” என்றாள் பல்லக்கா.

“அதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்றாரோ என்னமோ,” என்றார் வீட்டுக்காரர். சொன்ன மறுநிமிஷம் அதற்காக வருந்தினார்.

“அதேதான்! நான் பேசாம இருந்தா அவருக்குப் பிரமாதம். செட்டு செத்துக் கிடக்கறது தெரிஞ்சு குத்திக் காட்றாரு. இத்தனை வாரமா என் குரலை நறுக்கி நறுக்கி எனக்கே அடையாளம் தெரியாம பண்ணிட்டேன். இனிமே ஒரு இழை நறுக்க மாட்டேன்!”

“எங்க கிளம்பிட்டே?”

“தலைவர் வீட்டுக்கு. முகத்துக்கு நேரா சொல்லப் போறேன்.”

“செருப்பு மாத்திப் போட்டிருக்கே.”

“இருக்கட்டும்!”

தலைவர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. கையில் பாதி உரித்த பூண்டு.

“வாம்மா. ஆஜர் முடிச்சுட்டு இப்பதான் குளிக்கப் போனாரு. உக்காரு.”

“உக்கார வரலைம்மா. அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க.” பல்லக்கா தன் சொந்தக் குரலில், கனமும் கீச்சும் எல்லாம் சேர்த்து, குளியலறை வரைக்கும் எட்டும்படியே பேசினாள். “ஒத்திகை மைக் எனக்கு வேணும். தண்ணி பாட்டில் நான் தொட மாட்டேன். என் குரல் இதுதான். இதோட அகலம் இதுதான். எனக்கு அதைக் குறைக்கவும் இஷ்டமில்லை, ஒளிச்சு வைக்கவும் இஷ்டமில்லை. அவருக்கு அகலமாக் கேட்டா, குறுக்க வேண்டியது என் வாயை இல்லை. அனுப்பற இடத்துல ஃபில்ட்டர் இருக்கற மாதிரி கேக்கற இடத்துலயும் ஃபில்ட்டர் இருக்கு!”

அந்த அம்மாள் பூண்டை வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுபோனது.

“நீங்களே சொல்லுங்கம்மா,” என்றாள் பல்லக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. “அவர் செட்டுல கேக்கற பக்கம் என்ன ஃபில்ட்டர் போட்டிருக்காரு?”

“ஃபில்ட்டரா? போன மழைக்காலத்துல இடி விழுந்தப்பவே அதுல கேக்கற பக்கம் மொத்தமா எரிஞ்சு போச்சேம்மா, பேசற பக்கம் மட்டும்தானே வேலை செய்யுது!”